எதிர்னே: நடுவில் இருந்த ஊர் ஓரத்துக்கு வந்த கதை

ஒட்டோமான் தலைநகரங்கள் பற்றி என் குறிப்பேட்டில் ரொம்ப நாளாக ஒரே ஒரு வரிதான் இருந்தது: “முதலில் பூர்சா, பிறகு இஸ்தான்புல்.” வரலாற்றில் ஊறிய நண்பர் ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, “பூர்சாவுக்கும் இஸ்தான்புல்லுக்கும் நடுவுல 90 வருஷம் எங்கய்யா போச்சு?” என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. எதிர்னே என்ற பெயரை எங்கோ படித்திருந்தேன், அவ்வளவுதான். வெட்கமாக இருந்தது.

அதனால் 2018 அக்டோபரில் இஸ்தான்புல்லில் ஒரு வாரம் தங்க வாய்த்தபோது, ஒரு நாளை எதிர்னேக்கு ஒதுக்கினேன். தங்கியிருந்த விடுதியில் வரவேற்பு மேசைப் பையனிடம் சொன்னதும் அவன் கேட்ட முதல் கேள்வி: “ஏன்? ஈரல் சாப்பிடவா?” அந்த ஊர் ஈரல் வறுவலுக்குப் பேர்போனதாம். கப்பதோக்கியா போங்கள், பலூனில் பறக்கலாம் என்று யோசனையும் சொன்னான். உள்ளூர்க்காரர்களுக்கே இப்படி என்றால் என் குறிப்பேட்டை மட்டும் குறை சொல்லி என்ன பயன்!

காலை ஏழு மணிக்குப் பேருந்து. சுமார் 240 கிலோமீட்டர், மூன்று மணி நேரம் பிடித்தது. இஸ்தான்புல்லின் அடுக்குமாடிகள் ஓய்ந்ததும் இருபுறமும் அறுத்து முடித்த சூரியகாந்தி வயல்கள். மலை கிடையாது, காடு கிடையாது. ஜன்னல் வழியாகப் பார்க்க ஒன்றுமில்லையே என்று சலித்துக்கொண்டேன். பிறகுதான் உறைத்தது, அந்த ஒன்றுமில்லாததுதான் இந்த ஊரின் கதையே. ஆசியாவிலிருந்து ஐரோப்பாவுக்குள் போகிற படைக்கும் சரி, ஐரோப்பாவிலிருந்து கான்ஸ்டான்டினோபிளுக்கு வருகிற படைக்கும் சரி, தடையில்லாத தரைவழி இந்தச் சமவெளிதான். அந்த வழியில் மெரிச், துஞ்சா, ஆர்தா என்று மூன்று ஆறுகள் கூடுகிற இடத்தில் ஊர் உட்கார்ந்திருக்கிறது. இதைப் பிடித்தவன் கையில் வாசல் சாவி.

ரோமப் பேரரசர் ஹாட்ரியன் இரண்டாம் நூற்றாண்டில் இந்த ஊரை விரிவாக்கித் தன் பெயரை வைத்தார்: ஹாட்ரியனோபோலிஸ். ஆங்கிலத்தில் அது ஏட்ரியனோபிள் ஆயிற்று, துருக்கியர் நாவில் தேய்ந்து எதிர்னே ஆயிற்று. கி.பி. 378இல் இங்கே நடந்த போரில்தான் கோத்துகள் ரோமப் படையை நொறுக்கினார்கள். பேரரசர் வாலென்ஸ் களத்திலேயே செத்தார். அதற்குப் பிறகும் பைசாந்தியர், பல்கேரியர், சிலுவைப் போர் வீரர்கள் என்று இந்த ஊருக்காக அடித்துக்கொள்ளாதவர் குறைவு.

ஒட்டோமான்கள் 1360களில் பிடித்தார்கள். பூர்சா 1326இலிருந்து அவர்கள் கையில் இருந்தது, ஆனால் அது ஆசியப் பக்கம். அவர்கள் கண்ணோ பால்கன் மேல். அரசவை மெல்ல மெல்ல இங்கே வந்துவிட்டது. 1453இல் கான்ஸ்டான்டினோபிளைப் பிடித்த இரண்டாம் மெஹ்மத் பிறந்தது இந்த ஊரில்தான், 1432இல். அந்த முற்றுகைக்கான பெரும் பீரங்கியை ஓர்பன் என்ற வார்ப்பு வல்லுநர் வார்த்ததும் இங்கேதான். மாடுகளைப் பூட்டி, நான் மூன்று மணி நேரத்தில் கடந்த தூரத்தை வாரக்கணக்கில் இழுத்துப் போயிருக்கிறார்கள். இஸ்தான்புல்லை வென்ற திட்டம் எதிர்னேயில் போட்டது. வென்ற மறுநாளிலிருந்து எதிர்னேயின் மவுசு குறைய ஆரம்பித்தது என்பதுதான் வேடிக்கை.

சரி, ஊருக்குள் போவோம்.

பேருந்து நிலையம் ஊருக்கு வெளியே. அங்கிருந்து சின்ன வேனில் மையத்துக்கு வந்து இறங்கினேன். பத்து நிமிட நடைக்குள் மூன்று பெரிய மசூதிகள். மூன்றையும் கட்டிய வரிசைப்படி பாருங்கள் என்று அடித்துச் சொல்வேன். நேரே செலிமியேக்கு ஓடினால் பாதிதான் புரியும்.

முதலாவது பழைய மசூதி, எஸ்கி ஜாமி. 1403இல் தொடங்கி 1414இல் முடிந்தது. பெரிய கூடத்தை மூட ஒரே பெரிய குவிமாடம் எழுப்பும் துணிச்சல் அப்போது இல்லை. அதனால் மூன்றுக்கு மூன்று என்று ஒன்பது குவிமாடங்களை அடுக்கி, நடுவே நான்கு தடித்த தூண்களை நட்டிருக்கிறார்கள். எங்கே நின்றாலும் ஏதாவது ஒரு தூண் மறைக்கும். சுவரில் ஆள் உயரத்துக்கும் மேலான கறுப்பு அரபு எழுத்துகள். அதன் முன்னால் ஒரு தாத்தா தரையில் உட்கார்ந்தபடியே தூங்கிக்கொண்டிருந்தார். யாரும் அவரை எழுப்பவில்லை.

இரண்டாவது ஊச் ஷெரெஃபெலி. ‘மூன்று மாடங்கள் கொண்டது’ என்று பொருள். ஒரு மினாரில் மூன்று மாடங்கள், ஒவ்வொன்றுக்கும் போக உள்ளுக்குள்ளேயே தனித்தனி படிக்கட்டு. 1438இலிருந்து 1447 வரை கட்டியிருக்கிறார்கள். கான்ஸ்டான்டினோபிள் இன்னும் கைக்கு வராத காலம். ஆனாலும் இங்கே ஒரு பெரிய தாவல் நடந்திருக்கிறது: நடுவில் 24 மீட்டர் விட்டத்தில் ஒரே குவிமாடம், ஆறு தாங்கிகள்மேல். எஸ்கி ஜாமியில் இருந்து வந்தவர்களுக்கு மூச்சு விட இடம் கிடைத்த மாதிரி இருக்கும். ஆனால் பக்கவாட்டில் சின்னக் குவிமாடங்களும் தடித்த தூண்களும் இன்னும் நெருக்குகின்றன. வழி தெரிந்துவிட்டது, முழுதாக வந்து சேரவில்லை.

மூன்றாவது செலிமியே. 1568இலிருந்து 1575 வரை. கட்டியவர் தலைமைக் கட்டடக் கலைஞர் சினான், கிட்டத்தட்ட 80 வயதில். உள்ளே நுழைந்ததும் நான் முதலில் தூண்களைத் தேடினேன். எட்டு இருக்கின்றன, பிரமாண்டமானவை. ஆனால் சுவரோடு ஒதுங்கி நிற்பதால் கண்ணில் உறுத்தவில்லை. சுமார் 31 மீட்டர் விட்டமுள்ள குவிமாடம் தலைக்கு மேலே ஒரே வீச்சில் விரிகிறது. ஹாகியா சோஃபியா போன்ற குவிமாடத்தை முஸ்லிம்களால் எழுப்ப முடியாது என்று கிறித்தவக் கலைஞர்கள் சொன்னதாகவும், அதைத் தான் பொய்யாக்கியதாகவும் சினான் பெருமைப்படுவது அவருடைய நினைவுக்குறிப்பில் வருகிறது. அளந்து பார்த்தால் விட்டத்தில் இரண்டும் ஏறக்குறைய சமம்தான். ஆனால் கிழவனாரின் மனசு புரிகிறது. இஸ்தான்புல்லில் ஷெஹ்ஸாதே மசூதி தன் கற்றுக்குட்டிக் கால வேலை, சுலைமானியே கைதேர்ந்த காலத்து வேலை, செலிமியேதான் ஆசானான பிறகு செய்தது என்று அவர் சொன்னதாகவும் ஒரு பேச்சு உண்டு.

ஒன்பது குவிமாடம், பிறகு ஆறு தாங்கிமேல் ஒன்று, பிறகு எட்டுத் தூண்மேல் ஒன்று. சுமார் 170 வருடத்து யோசனை, பத்து நிமிட நடையில். கட்டடக்கலையைப் புத்தகத்தில் படித்து எனக்குத் தலையில் ஏறாததெல்லாம் அந்தக் காலை வேளையில் கால் வழியாக ஏறியது.

பேரரசின் ஆகப் பெரிய கட்டடக் கலைஞருடைய ஆகச் சிறந்த கட்டடம் ஏன் இஸ்தான்புல்லில் இல்லை? இரண்டாம் செலிம் இளவரசராக இருந்தபோது, தகப்பனார் சுலைமான் கிழக்கே போருக்குப் போயிருந்த சமயம், எதிர்னேயில் தங்கிப் பேரரசின் ஐரோப்பியப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டவர். ஊர்மேல் அவருக்குப் பிரியம். இஸ்தான்புல்லின் நல்ல குன்றுகளில் எல்லாம் முன்னோர்களின் மசூதிகள் இடம்பிடித்துவிட்டன. எல்லாவற்றுக்கும் மேல், ஐரோப்பாவிலிருந்து வரும் தூதர்களும் வணிகர்களும் இந்த வழியாகத்தான் வந்தாக வேண்டும். சமவெளியில் வெகு தொலைவிலிருந்தே நான்கு மினார்களும் தெரியும். இஸ்தான்புல் வருவதற்கு முன்பே, நீ யாருடைய நாட்டுக்குள் வருகிறாய் என்று அவை சொல்லிவிடும். கடைசியில் செலிமுக்கு அதைப் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை. 1574 டிசம்பரில் காலமாகிவிட்டார். மசூதி திறந்தது அடுத்த ஆண்டு.

மதியம் ஈரல்தான். விடுதிப் பையன் வாக்கைக் காப்பாற்ற வேண்டாமா? காகிதம் போல மெல்லியதாக அரிந்து, மாவில் புரட்டி எண்ணெயில் பொரித்து, கூடவே பொரித்த காய்ந்த மிளகாய் நாலைந்து வைக்கிறார்கள். துருக்கியில் அந்த ஒரு வாரத்தில் என் நாக்கில் உறைத்த ஒரே பண்டம் அதுதான். பரிமாறியவர் நான் மிளகாயை முழுசாகக் கடிப்பதைப் பார்த்துச் சமையல்காரரைக் கூப்பிட்டுக் காட்டினார். இன்னும் இரண்டு மிளகாய் இனாமாக வந்தது.

சாப்பிட்டு முடித்துப் பழைய கோட்டைப் பகுதிக்கு நடந்தேன். அங்கே மஞ்சள் நிறத்தில் இரட்டைக் கோபுரம் வைத்த பெரிய யூதத் தொழுகைக்கூடம் நிற்கிறது. 1492இல் ஸ்பெயினிலிருந்து துரத்தப்பட்ட யூதர்கள் பலர் ஒட்டோமான் நாட்டில் அடைக்கலம் புகுந்தார்கள். அவர்களில் ஒரு பெரும் பகுதி எதிர்னேக்கு வந்தது. 1905இல் ஊரில் பெருந்தீ. 13 தொழுகைக்கூடங்கள் எரிந்து போயின. எல்லாவற்றுக்கும் பதிலாக ஒரே பெரிய கூடமாக, வியன்னாவில் இருந்த ஒரு கூடத்தை மாதிரியாக வைத்து, 1909இல் இதைத் திறந்தார்கள். கட்டியபோது எவ்வளவு நம்பிக்கை இருந்திருக்கும்! நாலே வருடத்தில் ஊர் கைமாறியது. 1934இல் திராஸ் பகுதி யூதர்கள்மேல் வன்முறை நடந்தபோது பலர் கிளம்பிவிட்டார்கள். மிச்சம் இருந்தவர்களும் கொஞ்சம் கொஞ்சமாகப் போனார்கள். 1983இல் கூடத்தைப் பூட்டினார்கள், 1997இல் கூரை இடிந்து விழுந்தது. அரசு செலவில் புதுப்பித்து 2015இல் மறுபடி திறந்தார்கள். நான் போனபோது பளபளவென்று இருந்தது. விதானத்தில் நட்சத்திரங்கள், வரிசை வரிசையாக நாற்காலிகள். காவலாளியும் நானும் மட்டும். பிரார்த்தனை நடத்த ஊரில் ஆள் வேண்டுமே.

அங்கிருந்து துஞ்சா ஆற்றைக் கடந்து போனால் இரண்டாம் பயேஸித் கட்டிய வளாகம். 1484இல் தொடங்கி 1488இல் முடிந்தது. மசூதி, மருத்துவப் பள்ளி, ஏழைகளுக்கான சமையற்கூடம், ஒரு மருத்துவமனை. அந்த மருத்துவமனைதான் என்னை ஒரு மணி நேரம் பிடித்து வைத்துக்கொண்டது. அறுகோணக் கூடம், மேலே குவிமாடம், நடுவில் நீரூற்று, சுற்றிலும் அறைகள். மனநோயாளிகளுக்கு இங்கே இசையாலும் நீரோசையாலும் பூ வாசத்தாலும் சிகிச்சை தந்தார்கள். 17ஆம் நூற்றாண்டுப் பயணி எவ்லியா செலெபி இதை விரிவாக எழுதி வைத்திருக்கிறார். இசைக்கென்று பத்துப் பேர் சம்பளத்தில் இருந்தார்களாம். வாரத்தில் மூன்று நாள் வாசிப்பார்களாம். எவ்லியா கொஞ்சம் கூட்டிச் சொல்கிற மனிதர்தான், ஆனாலும் கட்டடமே சாட்சி சொல்கிறது. குவிமாடத்தின் அடியில் நின்று மெதுவாக ஒரு தடவை கனைத்துப் பார்த்தேன். ஒலி எல்லா அறைக்கும் போய்விட்டு என்னிடமே திரும்பி வந்தது. ஒரே குழு நடுவில் வாசித்தால் எல்லா அறைக்கும் சமமாகக் கேட்கும். இப்போது இது மருத்துவ அருங்காட்சியகம். 2004இல் ஐரோப்பிய கவுன்சிலின் அருங்காட்சியக விருது வாங்கியது.

அதே ஆற்றின் கரையில்தான் சுல்தான்களின் அரண்மனையும் இருந்தது. இரண்டாம் முராத் தொடங்கி, மெஹ்மத் முடித்த பெரிய அரண்மனை. இன்று போனால் ஒரு நீதிக் கோபுரம், திருத்திக் கட்டிய ஒரு சமையற்கூடம், சில இடிபாடுகள், புல்வெளி. பக்கத்திலேயே ஆண்டுதோறும் எண்ணெய் பூசிக்கொண்டு மோதும் கிர்க்பினார் மல்யுத்தத் திடல். அரண்மனையைத் தரைமட்டமாக்கியது எதிரி இல்லை. 1877–78 ரஷ்யப் போரின்போது அங்கே வெடிமருந்தைக் குவித்து வைத்திருந்தார்கள். ரஷ்யர்கள் நெருங்கியதும், அது அவர்கள் கைக்குப் போகக்கூடாது என்று ஒட்டோமான் அதிகாரிகளே கொளுத்திவிட்டார்கள். நோயாளிகளின் கூடம் நிற்கிறது, சுல்தான்களின் கூடம் இல்லை. இதில் நீதி எதுவும் தேடவேண்டாம். வெடிமருந்தை எங்கே வைத்தார்கள் என்பதுதான் வித்தியாசம்.

இங்கே கொஞ்சம் பின்னால் போக வேண்டும். இஸ்தான்புல் தலைநகரான பிறகும் எதிர்னே சாதாரண ஊர் ஆகிவிடவில்லை. 17ஆம் நூற்றாண்டில் நான்காம் மெஹ்மத் வேட்டைப் பைத்தியம். ஆட்சிக்காலத்தின் பெரும்பகுதியை இங்கேதான் கழித்தார். 1683இல் வியன்னாவுக்குப் போன படை கிளம்பியதும் இங்கிருந்துதான். அவர் மகன் இரண்டாம் முஸ்தஃபாவும் எதிர்னேயிலேயே தங்கிவிட, இஸ்தான்புல்காரர்களுக்குப் பயம் பிடித்துவிட்டது: தலைநகரையே மாற்றிவிடுவார்களோ? அரசவை இல்லாவிட்டால் கடைக்காரனுக்கும் கைவினைஞனுக்கும் பிழைப்பு ஏது? சம்பள பாக்கி, ஷேக்குல் இஸ்லாமின் அதிகாரம் என்று வேறு கோபங்களும் சேர, 1703இல் படையும் ஊர்மக்களும் கலகம் செய்து எதிர்னேக்கே அணிவகுத்து வந்தார்கள். முஸ்தஃபா பதவி இழந்தார். தம்பி மூன்றாம் அகமத் அரியணை ஏறி இஸ்தான்புல் திரும்பினார். எதிர்னேயின் தலைநகர்க் கனவு முடிந்தது அன்றைக்குத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஆனால் தலைநகர் இல்லாமல் போனதாலேயே ஒரு ஊர் மறக்கப்பட்டுவிடாது. பூர்சா நன்றாகத்தானே இருக்கிறது? எதிர்னேக்கு நேர்ந்தது வேறு. அதைப் பார்க்க வாடகைக் கார் பிடித்து, துஞ்சா பாலம், மெரிச் பாலம் இரண்டையும் தாண்டிக் காராஆச் போனேன்.

காராஆச்சில் ஒரு அழகான ரயில் நிலையம் இருக்கிறது. இரண்டு உருண்டைக் கோபுரங்கள், நீண்ட முகப்பு. முதல் உலகப்போருக்கு முன்பு திட்டமிட்டு, போரால் வேலை தடைப்பட்டு, தாமதமாக முடிந்த கட்டடம். இஸ்தான்புல்லிலிருந்து ஐரோப்பா போகும் ரயில்களுக்கு எதிர்னேயின் வாசல் இதுதான். இப்போது பல்கலைக்கழகத்தின் நுண்கலைப் பிரிவு நடக்கிறது. நடைமேடையில் மாணவர்கள் படம் வரைந்துகொண்டிருந்தார்கள். பழைய நீராவி இஞ்சின் ஒன்று காட்சிக்கு நிற்கிறது. ரயில் மட்டும் வராது.

காரணம் எல்லைக்கோடு. 1912இல் பால்கன் போர் வந்தது. பல்கேரியப் படையும் செர்பியப் படையும் ஊரைச் சூழ்ந்தன. ஷுக்ரு பாஷா பல மாதம் தாக்குப்பிடித்தார். உணவு தீர்ந்து, 1913 மார்ச் 26இல் ஊர் விழுந்தது. அதே ஜூலையில் ஒட்டோமான்கள் திரும்பப் பிடித்தார்கள். 1920இல் கிரேக்கப் படை வந்தது, 1922இல் போனது. 1923இல் லோசான் ஒப்பந்தம். மெரிச் ஆறு பெரும்பாலும் எல்லையாயிற்று. ஆற்றுக்கு மேற்கே இருந்த காராஆச் மட்டும், போர் இழப்பீட்டுக்குப் பதிலாகக் கிரீஸ் துருக்கிக்கு விட்டுக்கொடுத்த துண்டு. நிலையம் துருக்கிக்கு வந்தது, ஆனால் நிலையத்துக்கு வரும் தண்டவாளம் கிரீஸுக்குள் மாட்டிக்கொண்டது! இஸ்தான்புல்லிலிருந்து எதிர்னேக்கு டிக்கெட் எடுத்தவர், சொந்த நாட்டிலிருந்து சொந்த நாட்டுக்குப் போக, நடுவில் இன்னொரு நாட்டைத் தாண்டியாக வேண்டும். 1971இல் துருக்கி எல்லைக்குள்ளேயே புதுப் பாதை போடும்வரை, ஐம்பது வருடத்துக்குக் கொஞ்சம் குறைவாக, இப்படித்தான் ஓடியது. புதுப் பாதை வந்ததும் நிலையத்தைக் கைவிட்டார்கள்.

அந்த நடைமேடையில் உட்கார்ந்திருந்தபோதுதான் நண்பரின் கேள்விக்கு எனக்குப் பதில் கிடைத்தது. சோபியாவும் பெல்கிரேடும் ஸலோனிகாவும் ஒரே ஆட்சியில் இருந்தபோது எதிர்னே வீட்டின் கூடம் மாதிரி. எல்லாரும் அதைக் கடந்துதான் போவார்கள். நாடுகள் பிரிந்ததும் அதே கூடம் கொல்லைப்புறச் சுவர் ஆகிவிட்டது. ஊர் ஓர் அங்குலம்கூட நகரவில்லை. இங்கிருந்து கிரேக்க எல்லை சில கிலோமீட்டர், பல்கேரிய எல்லை 20 கிலோமீட்டர்கூட இருக்காது. எல்லையில் இருக்கிற ஊருக்கு யார் சுற்றுலா வருவார்கள்? லாரிகள்தான் வரும். நாம் படிக்கிற வரலாறும் இன்றைய வரைபடத்தை மேசையில் விரித்து வைத்துக்கொண்டு எழுதியதுதான். அதில் ஓரத்தில் இருக்கிற ஊரை ஒரு காலத்திலும் நடுவில் வைத்துப் பார்க்க நமக்குத் தோன்றுவதில்லை. எனக்குத் தோன்றவில்லையே!

கடைசிப் பேருந்துக்கு முன்னால் செலிமியே பக்கம் இன்னொரு முறை போனேன். காலையில் ஒன்றைப் பார்க்காமல் விட்டுவிட்டேன். நடுமேடையின் ஒரு தூணில் சின்னதாக, தலைகீழாக ஒரு துலிப் பூ செதுக்கியிருக்கிறது. அந்த நிலம் துலிப் தோட்டமாக இருந்ததாம், தர மறுத்துத் தலைகீழாக நின்ற உரிமையாளரின் நினைவாகச் சினான் அப்படிச் செய்தாராம். கதைதான், ஆதாரம் கிடையாது. ஆனால் உள்ளூர்க் குழந்தைகள் குவிமாடத்தைப் பார்ப்பதில்லை, நேராக அந்தப் பூவிடம்தான் ஓடுகிறார்கள். எல்லாரும் தொட்டுத் தொட்டு இதழ்கள் மழுங்கியிருக்கின்றன.

நீங்கள் போவதாக இருந்தால்: காலை முதல் பேருந்தைப் பிடியுங்கள். மசூதிகளை வரிசை மாற்றாமல் பாருங்கள். மருத்துவமனைக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். காராஆச்சை விட்டுவிடாதீர்கள், அதை விட்டால் மீதியெல்லாம் வெறும் அழகான கட்டடங்கள்தான். ஒரு நாள் போதும். இரவு தங்கினால் இன்னும் நல்லது. மெரிச் பாலத்தில் சூரியன் விழுவதை நான் அவசரத்தில் காரிலிருந்துதான் பார்த்தேன்.

இரவு பேருந்தில் குறிப்பேட்டை எடுத்துப் பழைய வரியை அடித்துவிட்டு எழுதினேன்: “பூர்சா, எதிர்னே, இஸ்தான்புல்.” கூடுதலாக ஒரே ஒரு சொல். அதற்கு ஒரு முழு நாளும், போகவர 480 கிலோமீட்டரும், ஏழு காய்ந்த மிளகாயும் தேவைப்பட்டிருக்கிறது.